மெரூன் பொட்டு, இடது மூலை

எங்கள் மயூரா கார் ரசிகர் சங்கத்தின் வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதுதான் ஒரிஜினல். அதன் புதுப் பதிப்பு வெளியாகும் விடியற்காலையில், பழைய மயூரா கார்கள் ஒவ்வொன்றும் அதைப் படித்துப் பார்த்து, கீறலையும் ஒட்டலையும் தாமாகவே உதிர்த்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த நாளைப் போல ஆகிவிடும். அதைத் தொகுக்கும் நான், இந்த முறை ரசிகர்களிடம் திருத்தம் கேட்டிருந்தேன்.

பொள்ளாச்சியிலிருந்து சென்னியப்பன் கூப்பிட்டார்.

"அம்மிணி, பின்னால பாக்குற உள்கண்ணாடியில இடது மூலைல ஒரு மெரூன் பொட்டு. அதையும் சேர்த்துக்குங்க."

"கம்பெனிக்காரனா பொட்டு ஒட்டி அனுப்பினான்?"

"என்ற ஊட்டுக்காரி சரசு ஒட்டுனதுங்க. ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போறப்ப நெத்தியில இருந்து எடுத்து ஒட்டிட்டு எறங்குனா. திரும்பி வரலீங்க. நாளைக்கு விடிஞ்சா வண்டி அதை உதிர்த்துப்போடும்."

"மூணு பேர் சாட்சி சொன்னாத்தான் சேர்ப்பேன்" என்றேன், கறாராகத்தான்.

அவர் சங்கத்தாரிடம் கேட்டிருப்பார் போல. மாலைக்குள் நாற்பத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். தங்கள் வண்டியிலும் முதல் நாளிலிருந்தே அந்தப் பொட்டு இருந்ததாம். ஒரு போல்ட் விஷயத்தில்கூட ஒத்துப்போகாத கூட்டம் இது. சேர்த்தேன்.

விடிந்ததும் என் மயூராவில் ஏறிப் பார்த்தேன். கண்ணாடி மூலையில் பொட்டு பூத்திருந்தது. கொஞ்சம் சாய்ந்தால் என் நெற்றியில் வந்து உட்கார்ந்தது.

சென்னியப்பன் அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"பழசு வெளுத்துப் போயிருந்துச்சுங்க அம்மிணி. இப்பப் புத்தம்புதுசா இருக்குது. அவ இப்பத்தான் ஒட்டிட்டு எறங்குன மாதிரி."

"வீட்டுக்குப் போங்கய்யா."

"இல்லீங்க. அவ பக்கத்துக் கதவைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."