தலை குனிந்த செயலாளர்

"அண்ணே, இது எங்க அப்பாவே இல்ல!"

கல்லறைக் கல்லை மூடியிருந்த துணியை விலக்கியதுமே அனார்கான் கத்திவிட்டாள்.

கறுப்புக் கல்லில் புள்ளி புள்ளியாய்க் கொத்தியிருந்த அப்பா தோரோன்பெக், தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் குடுத்த போட்டோவுல நேராத்தானே பார்த்தார்? நெஞ்சுல பதக்கமெல்லாம் குத்திக்கிட்டு!"

கல் கொத்துகிற தூரத் உளியில் இருந்த தூசியை ஊதினான்.

நாளைக்கு அப்பாவின் வருஷ நினைவு விருந்து. கறிக்குக் குதிரை அடித்தாகிவிட்டது. நரின் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் சனம் வரும். வந்ததும் இந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுதான் கையேந்தி ஓதும்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வழவழவென்ற கல்லுக்குள் எதிர்மலை தெரிந்தது. ஒரு மேகம் அப்பாவின் ஒரு கன்னத்தில் நுழைந்து மெல்ல மறு கன்னத்தில் வெளியே போனது. அவர் மூச்சு விடுகிற மாதிரியே இருந்தது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாய் வந்த ஆசன் குதிரையை நிறுத்தினான்.

"அட, பொருத்தமாத்தான் கொத்தியிருக்கான்! நம்ம ஆட்டையெல்லாம் பிடிச்சுட்டுப் போய் மேலிடத்துல பேர் வாங்கின மனுஷன். செத்தபிறகாவது வெட்கம் வந்துச்சே!"

"வெட்கமாவது ஒண்ணாவது!" என்றான் கூட வந்தவன். "உசுரோட இருந்தப்ப மட்டும் நம்ம மூஞ்சியைப் பார்த்தாராக்கும்? கட்சிச் செயலாளர்ங்கிற திமிரு. கல்லானாலும் போகல!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அனார்கான் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டீங்களா அண்ணே? என் பிள்ளைங்க இந்த ஊர்லதானே வளரணும். தலை குனிஞ்சவன் பேரப்பிள்ளைங்கன்னு சொல்ல மாட்டாங்களா? நிமிர்ந்து பார்க்கிற மாதிரி மாத்தி விடுங்க. இல்லாட்டி கல்லை உடைச்சுப் போட்ருங்க."

"கொத்தினதை அழிக்க முடியாது தங்கச்சி. முதல்ல போட்டோ மாதிரிதான் காகிதத்துல வரைஞ்சேன். பால்பண்ணைப் பொம்பளைங்க பார்த்துட்டு, இது அவர் முகமே இல்லைன்னுட்டாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, அத்தனை பேரும். அவங்க சொன்ன மாதிரிதான் கொத்தினேன்."

"அவங்க யாரு சொல்றதுக்கு? எங்க அப்பா மேல அப்படி என்ன கோபம்?"

"கோபமா?"

பின்னால் கனிஷாய் அக்கா நின்றிருந்தாள். பால்பண்ணைக்காரி. கையெல்லாம் மாவு. விருந்துக்கு ரொட்டி பொரிக்க எண்ணெய் காய்ந்துவிட்டதென்று அனார்கானைக் கூப்பிட வந்தவள்.

கல்லைப் பார்த்தாள். தெரிந்தவரை வழியில் பார்த்த மாதிரி அவள் முகம் மலர்ந்தது.

"உலக யுத்தம் முடிஞ்ச பஞ்சக் காலம். நீ கைக்குழந்தை. அறுத்த சர்க்கார் வயல்ல சிந்தின கதிரைப் பொறுக்கினாக்கூட ஜெயிலு. வீட்ல பிள்ளைங்க பட்டினி. அந்தி சாயுறப்ப பூட்சுக்குள்ள கோதுமையை அடைச்சுக்கிட்டு நாங்க நடப்போம், நடக்க முடியாம. வரப்புல எதிர்ல, எங்களைப் பிடிச்சுக் குடுக்க வேண்டிய உங்க அப்பா வருவாரு. இதோ, இதே மாதிரி."

"பார்க்கலையாக்கா அவரு?"

கனிஷாய் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"ஒரே ஒரு நாள் அந்த மனுஷன் நிமிர்ந்து பார்த்திருந்தா, நாளைக்கு விருந்துக்கு ரொட்டி பொரிக்க இந்த ஊர்ல ஒரு பொம்பளை மிஞ்சியிருக்க மாட்டா அனார்."