இரண்டு நிமிடப் பேரம்

களத்துக்கு வெளியே நின்று அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

சகாயராணியின் வலது கை நஸ்ரினின் தோளில் கிடந்தது. எதிர் அணிக்காரி ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, அவசரமே இல்லாமல் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மாலை நாலு மணி. திண்டுக்கல் வெயில் சிமென்ட் தரையில் பட்டு மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில், ஐந்து வாரத்தில் பதினோராவது ஆட்டம். அரையிறுதி.

கையில் குற்றமில்லை. அழகான கை. போன வாரம் யாரோ இதே காட்சியைப் படம் பிடித்து, அது கல்லூரி அறிவிப்புப் பலகையில் 'ஒற்றுமை' என்ற தலைப்போடு தொங்கியது. அணியின் பயிற்சியாளர் என்ற முறையில் அவளும் அந்தப் பக்கம் வேலை இல்லாமலே இரண்டு தடவை போய்வந்தாள்.

இன்று கண் போனது கையில் அல்ல.

நஸ்ரினின் முட்டியில்.

கை வந்து விழுந்ததும் முட்டி ஒரு விரற்கடை தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்தது.

பயிற்சியாளரின் அப்பாவுக்கு வெங்காய மண்டி. சின்ன வயதில் அங்கே அவளுக்குத் தராசு என்றுதான் பெயர். மூட்டையைப் பார்க்கவே மாட்டாள். சுமந்து போகிறவரின் முட்டியைப் பார்த்து எடை சொல்வாள். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். வியாபாரிகள் அவளை நடுவில் நிறுத்திப் பந்தயம் கட்டினார்கள்.

அந்தக் கண்ணை மூன்று ஆட்டமாக எங்கே கொண்டுபோய் அடகு வைத்திருந்தாள்?

அவள் அணியில் ஒரு சட்டம் உண்டு. களைப்பா என்று யாரையும் கேட்க மாட்டாள். கேட்டால் பொய்தான் வரும். ஆட்டம் நிற்கும்போது எவள் குனிந்து ஷார்ட்ஸின் விளிம்பை இரண்டு கையாலும் பிடிக்கிறாளோ, அவள் வெளியே வந்துவிட வேண்டும். அப்பீல் கிடையாது.

மூன்று ஆட்டமாகச் சகாயராணி ஷார்ட்ஸைத் தொடவில்லை. அதனால் முழு நேரமும் ஆடினாள். நாற்பது, நாற்பது, மறுபடி நாற்பது நிமிடம்.

பிடித்துக்கொள்ள வேறு இடம் கிடைத்திருக்கிறது.

ஏன் என்று தெரியாமல் இல்லை. இன்று ஜெயித்தால் நாளை இறுதி ஆட்டம். அதைப் பார்க்க ரயில்வே அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். சகாயராணிக்கு இது கடைசி வருஷம். அந்த வேலைக்கு இன்றைய வெற்றியும் வேண்டும், நாளைக்குக் கால்களும் வேண்டும்.

இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்கிறாள் பெண்.

பந்து வளையத்துக்குள் விழுந்தது. நாலு புள்ளி முன்னிலை மூன்றானது. இன்னும் ஐந்து நிமிடம்.

அவள் ஸ்கோர் மேசைக்குப் போய் ஆள் மாற்றம் கேட்டாள். சகாயராணிக்குப் பதில் துளசிமணி உள்ளே போனாள்.

சகாயராணி வரும்போதே பேரத்தோடு வந்தாள். தனக்கு ஒன்றுமே இல்லை என்றாள். பயிற்சியாளர் மூன்று நிமிடம் உட்காரச் சொன்னாள். அரை நிமிடம் என்றாள் சகாயராணி. இரண்டரை. ஒன்று. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டில் படிந்தது.

உட்கார்ந்ததும் சகாயராணி துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். மூச்சிரைப்பில் துண்டு லேசாகக் குலுங்கியது.

சிறிது நேரத்தில் அடுத்த விசில். மறுபடி ஃப்ரீ த்ரோ.

நஸ்ரினின் தோளில் இப்போது கை இல்லை. பாரம் இறங்கிவிட்டது, நிமிர்ந்து நிற்பாள் என்று பார்த்தாள்.

நஸ்ரின் குனிந்தாள். இரண்டு கையும் ஷார்ட்ஸின் விளிம்புக்குப் போயின.

சட்டென்று பெஞ்சைப் பார்த்துக் கையை எடுத்தாள். பயிற்சியாளர் பார்த்தது பார்த்ததுதான்.

ஆக, சாய்ந்து நின்றவள் ஒருத்தி அல்ல.

அவளிடம் ஒரே ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்தது. கடைசி நிமிடத்துக்கென்று பொத்தி வைத்தது. கேட்டுவிட்டாள்.

பிள்ளைகள் வந்து பெஞ்சில் சரிந்தார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் அட்டையில் அம்புக்குறி போட்டு, தொண்டை கிழியப் பேசுவாள். அட்டை அவள் நாற்காலியில் கிடந்தது, அதன்மேல் தண்ணீர் பாட்டில்கள். பதினோரு ஆட்டமாக அந்த நாற்காலி பாட்டில்களுக்குத்தான் உதவியது. அவள் உட்கார்ந்ததே இல்லை.

யாரும் பேச வேண்டாம், மூச்சு விட்டால் போதும் என்றாள்.



எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். துண்டுக்குள்ளிருந்து சகாயராணியும்.

பயிற்சியாளரும் குனிந்து பார்த்தாள்.

தன் டி-ஷர்ட்டின் விளிம்பு. இரண்டு கையிலும் இறுக்கமாக. கசங்கியிருந்ததைப் பார்த்தால், வெகு நேரமாக.

சகாயராணி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரெண்டு நிமிஷம் உக்காருங்க மேம்."

"ஒன்னு."

"அப்பீல் கிடையாது மேம்" என்றாள் நஸ்ரின்.

உட்கார்ந்தாள்.

சட்டப்படி நஸ்ரினும் வெளியே. முதல் வருஷப் பெண் ஒருத்தி அவள் இடத்துக்கு ஓடினாள். நஸ்ரின் தரையில் உட்கார்ந்து, பயிற்சியாளரின் முட்டியில் முதுகைச் சாய்த்தாள். சகாயராணி இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை, பழக்க தோஷத்தில், பயிற்சியாளரின் தோளில் வந்து விழுந்தது.

நல்ல கனம்.

முன்னிலை ஒன்றாகக் குறைந்தது. இரண்டு நிமிடம் முடிந்தது. சகாயராணி கடிகாரத்தைப் பார்த்து எழப் போனாள்.

அவள் அந்தக் கையைத் தன் தோளிலேயே பிடித்து வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

மெல்ல மெல்லக் கனம் இறங்கி, அது வெறும் கையாகிக்கொண்டிருந்தது.