நானூற்றுப் பதின்மூன்றாவது நுண்ணோக்கி

முப்பது வருஷம் அலைந்து ஹெஸ்டர் எழுதிய புத்தகம் அன்று மாலை அச்சேறவிருந்தது. அதன் கடைசி வரி இது: 'ஆம்புரோஸ் திரெல்ஃபால் 1871இல் இறக்கும்வரை செய்த நுண்ணோக்கிகள் மொத்தம் 412.'

ஒவ்வொன்றிலும் எண்ணைப் பொறித்து, அடிப்பக்கத்து ஈர வார்னிஷில் தன் கட்டைவிரலை அழுத்திவைப்பது அவர் வழக்கம். அந்த விரலின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

லண்டனின் வெள்ளிக்கிழமைப் பழம்பொருள் சந்தையில், வியாபாரி லென்னின் கடைப்பலகையில் பித்தளை பளபளக்க ஒரு நுண்ணோக்கி நின்றது. எண் 413. ஹெஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"டெஸ்மண்ட், ஓடி வா! அவரோடதுதான்!"

"உன் காதலர் இன்னொண்ணு பெத்துட்டாரா?" என்று சிரித்தபடி வந்தார் கணவர்.

அவள் அதைக் கவிழ்த்தாள். கைரேகை இருந்தது, தழும்போடு. ஆசையாக அதன்மேல் தன் விரலை வைத்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

"அடியில தொடாதீங்க மேடம்," என்றார் லென். "இன்னும் காயலைன்னு குடுத்தவர் சொல்லிட்டுப் போனாரு."

"யாரு? எப்போ?"

"ஒரு பெரியவர். அரை மணி நேரம் இருக்கும். அடுத்த வாரம் இன்னொண்ணு கொண்டாறேன்னாரு."

ஒட்டிய விரலோடு ஹெஸ்டர் அச்சகத்துக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது.

"நிறுத்துங்க! கடைசி வரியை மாத்தணும்!"

"413ன்னு போட்டுடவா?"

"வேண்டாம். எண்ணை எடுத்துடுங்க. அவர் செத்த வருஷத்தையும்."