முதுகு காட்டிய கிட்டார்

“யோவ் செம்மல்! அந்தக் கிட்டாரு வாசிக்கிற பொண்ணுக்கு என்ன அம்புட்டுத் திமிரு?”

முதல் வரிசை நாற்காலியில் இருந்தபடியே வெள்ளைச்சாமி கத்தியதும், இசைக்குழு நடத்தும் செம்மல் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தார். குளத்தூர் மாரியம்மன் திருவிழாவில் இன்றைய கச்சேரி முழுக்க வெள்ளைச்சாமியின் உபயம்.

“என்னங்கய்யா ஆச்சு?”

“ரெண்டு பாட்டா பாக்குறேன், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிக்குது. நேராத் திரும்பி நிக்கச் சொல்லு. இல்லைன்னா எறக்கி விடு. ரெண்டும் முடியாதுன்னா மொத்தப் பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்புங்க.”

செம்மல் மேடையைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பேர் பிழைப்பு. பாதிக் கச்சேரியில் விரட்டினார்கள் என்று பேர் வந்துவிட்டால் அடுத்த வருசம் எந்த ஊர் கூப்பிடும்?

மேடைக்கு ஓடினார்.

“பிளெஸ்ஸி, கொஞ்சம் நேராத் திரும்பி நில்லும்மா. உபயதாரர் கோவிக்கிறாரு.”

“முடியாதுண்ணே. திரும்பினா கிட்டாரு இரையும்.”

“போன வாரம் கீரனூர்ல நேராத்தானே நின்னே?”

“அந்த எடம் வேறண்ணே.”

“அப்ப புதுசு ஒண்ணு வாங்கித் தொலையேன்! அறுபது வருசத்துக் கிழட்டுக் கிட்டாரைக் கட்டிக்கிட்டு ஏன் அழுகுறே?”

“புதுசுல இது வராதுண்ணே” என்றவள், ஒரே ஒரு தந்தியை லேசாகத் தொட்டாள்.

அம்மாடி, என்ன சத்தம் அது! காதில் விழுந்த மாதிரியே இல்லை, நேராக நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சென்னையில் சினிமாவுக்கு வாசித்த ஒரு பெரியவரிடம், தன் கை வளையலை விற்று அவள் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். எத்தனையோ வருசம் கை பட்டுப் பட்டுக் கழுத்துக் கட்டை வழவழவென்று ஆகியிருந்தது. தந்திகள் பலகையை ஒட்டியே கிடக்கும். அழுத்தவே வேண்டாம், விரல் நினைத்தால் போதும். செம்மலே ஒருநாள் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் மடியிலேயே வைத்திருந்தவர்தான்.

ஆனால் இன்றைக்கு மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

“எனக்காக ஒரே ஒரு தடவை திரும்பு தாயி.”

திரும்பினாள். ‘கொர்ர்ர்’ என்று ஸ்பீக்கர் அலறியது. கூட்டம் ஊளையிட்டது.

“ஓட்டைக் கிட்டாரு! கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில போடு!” வெள்ளைச்சாமியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பிளெஸ்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. பழையபடி திரும்பிக்கொண்டாள். இரைச்சல் நின்றது. வாசிக்க ஆரம்பித்தாள்.

போச்சு, இறக்கிவிடத்தான் போகிறார்கள் என்று செம்மல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊளைச் சத்தத்தைக் காணோம். கண்ணைத் திறந்து பார்த்தார். பஞ்சுமிட்டாய்க்காரர் மணி அடிப்பதை மறந்துவிட்டார். அழுத பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டன. வெள்ளைச்சாமியின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் விருட்டென்று எழுந்து, மேடையோரம் இருந்த மைக்செட் முத்துராஜிடம் போனார். என்ன வம்போ என்று செம்மலும் பின்னாலேயே ஓடினார்.

“தம்பி, அது கிட்டாரு இல்லப்பா, அமிர்தம்! நான் ஒரு கூறுகெட்டவன், என்னென்னமோ பேசிட்டேன். இப்படி வாசிக்கிற பொண்ணு மொகத்தைப் பாத்துக் கேக்கணும்போல இருக்கு. அந்த இரைச்சலை நிறுத்த வழியே இல்லையா?”

முத்துராஜ் தலையைச் சொறிந்தான்.

“வழி இருக்குங்கய்யா. அக்காதான் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.”

“அட, சும்மா சொல்லுப்பா!”

“அந்தா, மேடைக்குப் பக்கத்துல உங்க பேரைப் பெருசா எழுதி மின்ன விட்டிருக்கீங்களே ஒரு சீரியல் செட்டு, இரைச்சலே அதுலருந்துதான் வருது. நேராத் திரும்பினா அந்தப் பழைய கிட்டாரு அதோட கரண்டு இரைச்சலை இழுத்துக்குது. அணைச்சிரட்டுமான்னு நான் மொதல்லயே கேட்டேன். ‘பாவம், அந்த மனுசன் எம்புட்டு ஆசையா பேரு போட்டிருப்பாரு! ஊரு முன்னால அதை அணைச்சா மனசு ஒடைஞ்சிருவாரு. நான் திரும்பி நின்னுக்கிறேன்’னாங்க.”