பன்னிரண்டாம் அத்தியாயம்

"அட்டையில எங்க அப்பா பேர் வரணும், சித்தப்பா. இல்லைன்னா நேரா பதிப்பாளர்கிட்டயே போய்ச் சொல்லிடுவேன்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

எதிரே இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டாளத்தில் கிடங்குப் பொறுப்பில் இருந்தவர். 'ஸ்டோர்' என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். இப்போது போர்ச் சரித்திரம் எழுதும் எழுத்தாளர். அவருடைய புத்தகம் ஆறே மாதத்தில் தீர்ந்து, இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் கேட்டுப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

ஆற்றங்கரைச் சண்டையில் நின்ற ஒரு சிப்பாய் 'நான்', 'நான்' என்று சொல்லிக்கொண்டு போகும் புத்தகம். படிக்கப் படிக்க அவளுக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் புகுந்த பூட்ஸ், மூன்று பேருக்கு ஒரே போர்வை, நின்றபடியே குறட்டை விட்ட மேலதிகாரி. எல்லாம் அந்தச் சண்டையில் நின்ற அப்பா சாப்பிடும்போது சொன்ன கதைகள். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி வருஷம் இவர் ஞாயிறு தவறாமல் நோட்டும் கையுமாக வந்தது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்பா சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். கடைசியில் வரும் பன்னிரண்டாம் அத்தியாயம். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கி நின்ற எதிரிச் சிப்பாயை, அந்த 'நான்' சுட்டுக் கொன்றுவிடுகிறான்.

அதற்காக வந்த வசவுக் கடிதங்கள் மட்டும் நாற்பத்து மூன்று என்று உள்ளே நுழையும்போதே சித்தி புலம்பியிருந்தாள். எதிர்வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். மருமகள்கூட முன்போலப் பேத்தியை அனுப்புவதில்லையாம்.

அவளுக்கு இரக்கம் வரவில்லை. திருடினதோடு நிறுத்தியிருக்கலாம், தன் சொந்தக் கதையையும் சேர்த்தார், அனுபவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். கிடங்கிலிருந்து அவர் அப்பாவுக்கு எழுதியவை. சண்டை தொடங்கிய வாரத்திலிருந்து முடிந்த வாரம் வரைக்கும் வாரத்துக்கு ஒன்று. மேலே இருந்ததைப் படித்தாள்.

"இங்கே குண்டுச் சத்தம்கூடக் கேட்பதில்லை. இன்று வந்த போர்வை 214. கிழிசல் 3."

"நீங்க எழுதினதுதானே, சித்தப்பா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க அந்த ஆத்தைப் பார்த்ததே இல்லை."

"இல்லை" என்றார். சண்டைக்கு வருவார் என்று வழி நெடுக வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

"வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுங்களேன்" என்றாள் சித்தி சமையலறையிலிருந்து. "எழுத உட்கார்ந்தா மட்டும் பக்கம் பக்கமா வருது."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிப்பகம் அனுப்பிய திருத்தத் தாளை எடுத்து அவள் அப்பா பெயரை மணிமணியாக எழுதினார். பதினோரு அத்தியாயம் அவள் அப்பாவுடையது, அட்டையிலும் அவர் பெயரே வரட்டும் என்றார். பன்னிரண்டாவது மட்டும் தன்னுடையது என்று முன்னுரையில் தெளிவாகச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

"அந்தப் பெருமைக்கு யாரும் போட்டி போடலை" என்றாள். சொன்ன பிறகு கொஞ்சம் கூசியது. "அதை எழுதாமலே விட்டிருக்கலாமே, சித்தப்பா."

"செத்தவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். யாராவது ஒருத்தர் சொல்லத்தானே வேணும்."

அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒன்று இடறியது.

"ஆத்தைப் பார்த்ததே இல்லைன்னீங்க. கிடங்குல இருந்தவர் அங்க எப்படிப் போனீங்க?"

"ஒரே ஒரு நாள். போர்வை ஏத்திக்கிட்டு லாரியில போனேன்."

"எத்தனை போர்வை?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிவிட்டு வருகிற மனிதர்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"ஞாபகம் இல்லம்மா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் கடிதங்களைப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய மூன்று கிழிசல் அதில் இருந்தது. அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அப்படியானால் கைதூக்கி நின்றவன் எதிரே துப்பாக்கியோடு நின்றது யார்?

அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அதிலிருந்த அப்பாவின் பெயரை அடித்தாள்.

"அட்டையில உங்க பேர் மட்டும் இருக்கட்டும், சித்தப்பா."

அவர் கடிதங்களை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கி, நூலால் கட்டி அவள் கையில் கொடுத்தார்.

"நான் போட்டது பதினெட்டும்மா. இதுல பதினேழுதான் இருக்கு. அந்த ஒண்ணையும் தேடி எடுத்து, எல்லாத்தையும் எரிச்சுடு. நான் அங்க இல்லைன்னு வேற யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாது."