உள்ளே வந்தவர்

"நேத்தும் உங்க அப்பா உள்ள வந்துட்டுப் போயிருக்கார் சார்."

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் இதைச் சொன்னதும் முதலாளியின் கண் தானாக எதிர்ச்சுவருக்குப் போனது. சட்டம் போட்ட படத்துக்குள்ளிருந்து பெரியவர் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலி ஜன்னலோரம் கிடந்தது. இப்போது அதில் உட்காருவது பழைய கேட்லாக் கட்டுகள்தான்.

"என்னம்மா சொல்றே?"

"அவர் பேர்ல இருக்கிற கணக்கு சார். யாரோ அதை வெச்சு நம்ம சர்வருக்குள்ள வர்றாங்க. தினமும் மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும்."

பிளாஸ்டிக் பாகங்களுக்கு அச்சு செய்து கொடுக்கும் கம்பெனி அது. வரைபடங்கள் வெளியே போனால் பிழைப்பும் கூடவே போய்விடும். போதாததற்குப் பெரிய வாடிக்கையாளர் அனுப்பிய ஆய்வாளர் பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஃபைல் அனுப்பும் வழி பத்திரமானது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆர்டர்.

"அந்தக் கணக்கை இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"பட்டறைக்கு டிராயிங் எல்லாம் அவர் பேர்லதானே சார் தானாப் போயிட்டிருந்துச்சு. தொட்டா நின்னுடும்னு பயந்து எனக்கு முன்னாடி இருந்தவர் தொடவே இல்ல. இன்னிக்குக் காலையிலதான் எல்லாத்தையும் புது வழிக்கு மாத்தி முடிச்சேன். ஃபைல் அனுப்புற பழைய வழி, அந்த எஃப்டிபி மட்டும் திறந்திருக்கு. யாருன்னு பாத்துட்டு மூடலாம்னு விட்டு வெச்சேன்."

"பாஸ்வேர்டு எப்படிக் கிடைச்சுது அவனுக்கு?"

"அது ஒண்ணும் கஷ்டமில்ல சார். பழைய வழியில பாஸ்வேர்டு மறைக்காம அப்படியே போகும், போஸ்ட் கார்டுல எழுதின மாதிரி. நடுவுல யார் வேணா படிக்கலாம். நானே நேத்து படிச்சேன்." கொஞ்சம் தயங்கினாள். "'உருண்டை'ன்னு இருக்கு சார்."

நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்த முதலாளிக்குக் காது சிவந்தது. அவள் சட்டென்று கீபோர்டைக் குனிந்து பார்த்தாள்.

"சின்ன வயசுல வீட்டுல என்னை அப்படிக் கூப்பிடுவாங்க," என்று முணுமுணுத்தார். "அதை விடு. எதிர்க் கம்பெனிக்காரன் வேலைதான் இது. என்னென்ன எடுத்திருக்கான்?"

"அதான் சார் புரியல. ஒண்ணுமே எடுக்கல. நேரா உங்க ஃபோல்டருக்குப் போறாங்க, என்னென்ன இருக்குன்னு பாக்குறாங்க, போயிடுறாங்க. இத்தனை டிராயிங் இருக்கு, ஒண்ணைக்கூடத் திறக்கல."

"நோட்டம் விடுறான்மா. முதல்ல நோட்டம், அப்புறம்தான் கை வைப்பான்."

மேஜைமேல் அவருடைய செல்போன் அதிர்ந்தது. யாரென்று பார்த்தார், முகத்தைச் சுளித்தார், இணைப்பை வெட்டிவிட்டுக் குப்புறப் போட்டார்.

"பேசணும்னா பேசுங்க சார், நான் வெளிய இருக்கேன்."

"வேணாம். தினமும் இந்த நேரத்துக்கு வர்றதுதான். எடுத்தா லேசுல முடியாது."

தனக்கு நேரமே இல்லை என்று அவர் தானும் நம்பி, ஆபீஸ் முழுவதையும் நம்ப வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். "வந்துட்டாங்க சார்."

திரையில் பெரியவரின் பெயர் வந்து நின்றது. அதற்குக் கீழே அந்த உருண்டை. அடுத்து முதலாளியின் ஃபோல்டர்.

"கணக்கையே அழிச்சிடும்மா."

"எங்கேருந்து வர்றாங்கன்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"முதல்ல அழி. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

அழித்தாள். அதே பெயர் மறுபடியும் வந்தது. சர்வர் மறுத்தது. மறுபடியும் வந்தது. மறுபடியும் மறுத்தது.

"நல்லாத் தட்டட்டும்," என்று முதலாளி சிரித்தார். ஆய்வாளரை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, மேஜையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

செல்போன் மறுபடி அதிர்ந்தது. நல்ல மனநிலையில் இருந்ததால் இந்தத் தடவை எடுத்தார். தேடும் கை ஓயாமலே ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்கப்பா."

அந்தப் பெண் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்து அவர் உயிரோடு இல்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உருண்டை, ஆபீஸ்ல ஏதாவது கோளாறா? இங்க முதியோர் ஹோம்ல இருக்கிற கம்ப்யூட்டர்லேருந்து வர்றேன், உள்ள விடமாட்டேங்குது."

பேனா தேடிய கை நின்றது. "நீங்களா? நீங்க எதுக்குப்பா அதுக்குள்ள வர்றீங்க?"

"நீதான் போனை எடுக்க மாட்டேங்கிறியே. உன் ஃபோல்டர்ல இன்னிக்குத் தேதியில ஒரு ஃபைல் இருந்தா, பையன் வேலைக்கு வந்திருக்கான், உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். அவ்வளவுதான்பா. வேற எதையும் தொடமாட்டேன்."

முதலாளி ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினார். அதற்குள் ஆய்வாளர் காபிக் கோப்பையும் கையுமாக உள்ளே வந்துவிட்டார்.

"ஒரே ஒரு கேள்விதான் சார். பழைய வழியில இனிமே யாரும் உள்ள வர முடியாதில்ல? அதை நீங்க உங்க வாயால சொல்லிட்டா, ஆர்டருக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன்."

முதலாளி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து குரல் தணிந்து வந்தது.

"முடியாதுன்னு சொல்லுப்பா."