சட்டி உடைத்தவன் மகன்

"காயத்தக் காட்டு, பாப்போம்" என்றான் பாவ்தியென், செல்போனுக்குள்ளிருந்து.

என் கணவர் சாங்ஹேயின் சித்தப்பா மகன் அவன். தலையில் வெள்ளைத் துணி, கையில் மண்சட்டி. அவனுக்குப் பின்னால், எங்கள் வீட்டு முற்றத்தில், என் மாமனாரின் சவப்பெட்டி.

காட்ட என்ன இருக்கிறது? என் கணவருக்கு முதுகெலும்பில் காசநோய். எலும்பை அரித்து, இடுப்புக்குள் கட்டி கட்டியாய்ச் சீழ். அந்தக் காலமாயிருந்தால் முதுகைப் பிளந்திருப்பார்கள். இப்போது இந்த நகரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியை விட்டு, அந்த வழியே மெல்லிய குழாயைச் செருகிவிட்டார்கள். சீழ் வெளியே வடிகிறது, மருந்து உள்ளே போகிறது. காயம் என்று பார்த்தால், சோறு தின்னும் குச்சி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

அதுதான் வினையாகப் போயிற்று. நீளமாக ஒரு தையல் இருந்திருந்தால் ஊர் நம்பியிருக்கும்.

"இந்த ஓட்டைக்கா பெத்த அப்பன் சாவுக்கு வராம படுத்துக் கெடக்கே? மதியத்துக்குள்ள எடுக்கணும். உன்னால முடியலன்னா சொல்லு, சட்டிய நானே உடைச்சிடறேன்."

சீனாவில், எங்கள் ஷான்தோங் பக்கம், மூத்த மகன் சட்டியை உடைத்தால்தான் பெட்டி தோளேறும். ஒரே அடியில் உடைய வேண்டும். இரண்டாம் அடி கூடாது. அடித்தால் செத்தவர் வாசலைத் தாண்டமாட்டார். மகன் இல்லாவிட்டால் பங்காளி உடைக்கலாம். ஆனால் அப்புறம் அவன்தான் மகன். வீடும் அவனுக்கு, கல்லறைக் கல்லில் பெயரும் அவனுக்கு.

வீடு போனால் போகட்டும். நேற்றெல்லாம் என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். "அவன் மகன்னா, அப்ப நான் யாரு?"

ஒரே ஒரு நாள் ஊருக்குக் கூட்டிப்போகட்டுமா என்று டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஓட்டைதாம்மா சின்னது. உள்ள எலும்பு, தண்ணில ஊறின ரொட்டி. எழுந்து உக்காந்தாலே நொறுங்கிடும். அப்புறம் காலு ரெண்டும் வெறும் கட்டை."

அதனால் படுத்தபடியே உடைப்பதென்று முடிவாயிற்று, போன் வழியாக. நகரத்தில் சாவுச் சட்டிக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரி வாசல் பூக்கடையில் மண்தொட்டி ஒன்று வாங்கி, செடியைப் பிடுங்கி எறிந்தேன். உயிரோடிருந்தபோது வீணாக்கிய தண்ணீரையெல்லாம் மறு உலகில் குடிக்கவைப்பார்களாம். சட்டியின் அடியில் ஓட்டை இருந்தால் ஒழுகிவிடுமாம். பூந்தொட்டியில் ஓட்டை ஏற்கெனவே இருந்தது. அதற்கே பூரித்துப்போனேன், மடச்சி.

முட்டுக்கட்டை போட்டவர் பக்கத்துப் படுக்கை கெங் பெரியப்பா. அவருக்கும் இதே நோய், இதே குழாய். பிள்ளை குட்டி கிடையாது. வாய் மட்டும் உண்டு.

"ஏம்மா, நோயாளி ரூம்ல சாவுச் சட்டியா? நான் இன்னும் சாகல. எமனுக்கு வெலாசம் எழுதிக் குடுக்கறியா?"

"கொஞ்ச நேரம் சுவரப் பாத்துக்கங்க, பெரியப்பா."

"சுவரப் பாத்தா எமன் என்னைப் பாக்கமாட்டானா?"

அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கதவைச் சாத்தினேன். தொட்டியை என் கணவரின் வலது கையில் கொடுத்து, முகமும் கையும் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தேன். முதுகை அசைக்காமல் கையை மட்டும் வீச வேண்டும். கட்டில் விளிம்புக்குக் கீழே என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

"அப்பா! மேற்க பாத்துப் போங்கப்பா!"

கத்திக்கொண்டே வீசினார்.

மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த கை. எங்கள் ஊர்ச் சட்டி மெல்லியது, உடைவதற்கென்றே செய்தது. பூந்தொட்டி உடையக் கூடாதென்று செய்தது. தரையும் எங்கள் முற்றத்துக் கல்தரை இல்லை, ஆஸ்பத்திரி ரப்பர் தரை. தொட்டி பொத்தென்று விழுந்து, உருண்டு, முழுசாக என் காலில் வந்து இடித்தது.

அதே நொடியில் படாரென்று ஒரு சத்தம்.

போனில் ஊதுகுழல்கள் அலறின. "தூக்கு!" என்று யாரோ கத்தினார்கள். என் மாமனார் தோளேறினார். பாவ்தியென் கையிலிருந்த சட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

என் கணவர் குழந்தைபோல் விக்கி விக்கி அழுதார். குலுங்கக்கூடாதே என்று அவர் மார்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"ஒரே அடியில உடைஞ்சுதா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன்.

ஜன்னலோரத்து இரும்புக் கணப்பின் அடியில் பீங்கான் கோப்பை ஒன்று தூளாகிக் கிடந்தது. சுற்றிலும் ஈரத் தேயிலை. கெங் பெரியப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்துக்கொண்டு எறிந்தால் அவ்வளவு தூரம் எட்டாது. முதுகுக் குழாய் பிடுங்கிக்கொண்டு பக்கத்தில் தொங்கியது. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"ஒரே அடியில" என்றேன். "சுக்குநூறா."

உடைத்தவன்தான் மகன் என்றால், என் மாமனாருக்கு அவரைவிட வயதில் மூத்த மகன் ஒருவர் கிடைத்துவிட்டார்.

செவிலியைக் கூப்பிடும் மணியை அழுத்தினேன். கெங் பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. போர்வையை விலக்கி, தன் கால் கட்டைவிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் டாக்டர் அசைக்கச் சொல்வது அதைத்தான்.

நானும் பார்த்தேன். அது அசையவில்லை.